முதல் ஃபுல் மாரத்தான்: மும்பையா, டெல்லியா, நம்ம சென்னையேவா?

வேளச்சேரி வானதி · ஜூன் 14, இரவு 10:12

வணக்கம். பல மாதமாக இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் முறை.

வயது 39. வங்கி வேலை, இரண்டு பிள்ளைகள். ஓட ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. நான்கு ஹாஃப் (21 கிலோமீட்டர்) முடித்திருக்கிறேன், அதில் நல்ல நேரம் 2 மணி 24 நிமிடம். நாற்பது முடிவதற்குள் ஒரு ஃபுல் (42 கிலோமீட்டர்) ஓடிவிடுவேன் என்று வீட்டில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். சின்னவள் அதை வகுப்பு டீச்சர் வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். இனி பின்வாங்க வழியில்லை.

எந்த ஊரில் ஓடுவது என்பதில்தான் குழப்பம். அலுவலகத்தில் ஒருவர், "முதல் ஃபுல் என்றால் மும்பைதான், மற்றதெல்லாம் சும்மா" என்கிறார். என் கணவர், "வீட்டு வாசலிலேயே சென்னை மாரத்தான் இருக்கும்போது எதற்கு விமானம் ஏறிப் போய் ஓட வேண்டும்?" என்கிறார். ஹைதராபாத், டெல்லி என்றும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

என் நிலவரம்: காலை 4:30 முதல் 6:15 வரைதான் ஓட முடியும். ஞாயிறு மட்டும் 8:30 வரை. செலவு எல்லாம் சேர்த்து 25,000 ரூபாய்க்குள். மார்ச்சில் வங்கியில் கணக்கு முடிப்பு, அப்போது லீவு என்ற சொல்லையே எடுக்க முடியாது. வேகமெல்லாம் வேண்டாம், நொண்டாமல் முடித்தால் போதும்.

மாதுங்கா மாமா · ஜூன் 14, இரவு 11:40

எனக்கு 61 வயது, அதனால் நீ என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

மும்பைதான். பேச்சே இல்லை. 2004இல் முதல் வருடம் மரீன் டிரைவில் வேடிக்கை பார்க்க நின்றவன் நான். பைத்தியக்காரர்கள், ஞாயிற்றுக்கிழமை தூங்காமல் ஓடுகிறார்களே என்று சிரித்தேன். 2009இல் ஸீ லிங்க் திறந்தார்கள். அந்தப் பாலத்தில் நடக்க விடமாட்டார்கள், ஸ்கூட்டர்கூடப் போகக் கூடாது. மாரத்தான் அன்றைக்கு மட்டும் நம் காலுக்குக் கிடைக்கும். அந்த ஆசையில் இறங்கியவன், இதுவரை ஒன்பது முறை ஓடிவிட்டேன்.

ஜனவரி மூன்றாவது ஞாயிறு. இருட்டில் சி.எஸ்.டி. ஸ்டேஷன் எதிரே கிளம்புவோம். விளக்குப் போட்ட அந்தக் கட்டடத்தைப் பார்த்தபடி நிற்கும்போதே வயிற்றில் என்னவோ செய்யும். மரீன் டிரைவ், பெடர் ரோடு, ஹாஜி அலி, வோர்லி, ஸீ லிங்க், மாஹிம், சிவாஜி பார்க், அப்படியே திரும்பல். பாதை அவ்வப்போது கொஞ்சம் மாறும், ஆனால் சாரம் இதுதான்.

நான் சொல்ல வந்தது பாதையை அல்ல, ஜனங்களை. சிவாஜி பார்க் பக்கம் வரும்போது ஒரு பாட்டி எவர்சில்வர் தட்டில் ஆரஞ்சுச் சுளையை உரித்து வைத்துக்கொண்டு நிற்பாள். விதைகூட எடுத்திருப்பாள். பக்கத்தில் பேரன் உள்ளங்கையில் உப்பை வைத்து நீட்டுவான். பார்லே-ஜி, கடலை மிட்டாய், உரித்த வாழைப்பழம், ஒரு வீட்டில் டீகூட. சீருடைப் பிள்ளைகள் பேண்ட் வாத்தியம் வாசிப்பார்கள். நெஞ்சில் குத்தும் எண் அட்டையில் உன் பெயர் இருக்கும், அதைப் படித்துக் கூப்பிடுவார்கள். "வாந்தி, வாந்தி" என்றுதான் கூப்பிடுவார்கள், பொறுத்துக்கொள். 30 கிலோமீட்டருக்கு மேல் கால் உன் பேச்சைக் கேட்காது, ஊர் பேச்சைக் கேட்கும்.

கொக்கரக்கோ · ஜூன் 15, காலை 4:51

"வாந்தி வாந்தி" :) 30 கிலோமீட்டருக்கு மேல் அது காரணப் பெயர்தான்.

கோவை கியர் · ஜூன் 15, காலை 9:05

மாமா பெடர் ரோட்டை நைசாகத் தாண்டிவிட்டார். போகும்போது அது ஒரு மேடு, அவ்வளவுதான். திரும்பி வரும்போது 35ஐத் தாண்டிய பிறகு அதே மேடு எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். வெயிலும் அப்போதுதான் முதுகில் ஏறும். 5 மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறவர்களுக்கு மும்பை ஜனவரி குளிர் என்பதெல்லாம் பேப்பரில் மட்டும். கடற்கரை ஊர், ஈரக்காற்று, ஒன்பது மணிக்குப் பிறகு அடுப்பங்கரை. நான் அந்த மேட்டில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு தடுப்புக்கம்பியைப் பிடித்தபடி நின்றவன்.

என் ஓட்டு சென்னைக்கு. காரணம் சின்னது: சொந்தக் கட்டில், சொந்தக் கழிவறை, சொந்த இட்லி. ஒரு வெளியூர் ஓட்டத்துக்கு முந்தின ராத்திரி ஹோட்டலில் பனீர் ஏதோ சாப்பிட்டேன் (ஊர் பேரும் வேண்டாம், ஹோட்டல் பேரும் வேண்டாம்). மறுநாள் 42 கிலோமீட்டரில் நான்கு இடத்தில் வரிசையில் நின்றேன். என் நேரத்தைக் கேட்காதீர்கள்.

லண்டன் லாட்டரி · ஜூன் 15, பிற்பகல் 2:30

இங்கே யாராவது லண்டன், பெர்லின் என்று ஆரம்பிப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். நான் லண்டனிலேயே குடியிருக்கிறேன், ஆறு வருடமாகக் குலுக்கலில் பெயர் போடுகிறேன், ஆறு வருடமும் "மன்னிக்கவும்" மின்னஞ்சல்தான். 2026 ஓட்டத்துக்கு மட்டும் 11 லட்சத்துக்கு மேல் விண்ணப்பம். அதற்கு முந்தின வருடம் 8 லட்சத்து 40 ஆயிரம். அறக்கட்டளைக்குப் பணம் திரட்டித் தந்தால் இடம் கிடைக்கும், அதற்கு முகநூலில் சொந்தக்காரர்களிடம் கையேந்த வேண்டும். என் மாமனாரிடம் கேட்டுப் பார்த்தேன். "ஓடுவதற்கு நீ காசு வாங்க வேண்டும், நான் ஏன் தர வேண்டும்?" என்றார். பதில் இல்லை என்னிடம்.

பாஸ்டன் இன்னும் மோசம். அங்கே தகுதி நேரம் உண்டு. 2026க்கு 35 முதல் 39 வயதுப் பெண்களுக்கு 3 மணி 30 நிமிடம். அது இருந்தாலும் இடம் நிச்சயமில்லை, அதைவிடச் சில நிமிடம் வேகமாக ஓடியவர்களுக்கே நிரம்பிவிடும். பெர்லின் தட்டையான பாதை, கென்ய வீரர் கிப்சோகே 2022இல் 2:01:09 ஓடிய இடம், ஆனால் அங்கேயும் குலுக்கல்தான், கிளம்பி 6 மணி நேரம் 15 நிமிடத்தில் கடையைக் கட்டிவிடுவார்கள்.

சிங்கை ரத்தினம் · ஜூன் 15, மாலை 6:18

சிங்கப்பூர் வாங்க என்று கூப்பிட ஆசைதான், மனசாட்சி இடம் தரவில்லை. டிசம்பரில் நடக்கும். விடியுமுன் கிளம்பினாலும் குளித்துவிட்டு ஓடுகிற மாதிரி இருக்கும். நம்மூரில் வேர்ப்பதற்கு இவ்வளவு செலவு செய்து வர வேண்டியதில்லை. கோலாலம்பூரும் அதே கதைதான், கூடுதலாக மேடு பள்ளம்.

ஆர்.கே.புரம் ராசு · ஜூன் 15, இரவு 9:27

டெல்லி பற்றி யாரும் எழுதவில்லையே. பிப்ரவரி கடைசி வாக்கில் ஒரு ஞாயிறு நியூ டெல்லி மாரத்தான். நான் மூன்று முறை ஓடியது ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்திலிருந்து. அகலமான சாலை, மேடு என்று சொல்லும்படி பெரிதாக எதுவும் இல்லை. தேசிய மாரத்தான் சாம்பியன்ஷிப்பையும் இதோடு சேர்த்தே நடத்துகிறார்கள் என்றால் பாதை எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது 12, 13 டிகிரி. மாரத்தானுக்கு உடம்பு கேட்கும் வெப்பம் கிட்டத்தட்ட அதுதான்.

காற்று பற்றிக் கேட்பீர்கள். நவம்பர் மாதிரி இல்லை, ஆனால் சுத்தமான காற்று என்று சத்தியம் செய்யமாட்டேன். டெல்லி ஹாஃப் முன்பு நவம்பரில் நடந்தது. 2017இல் டாக்டர்கள் சங்கமே அதைத் தள்ளிப்போடச் சொல்லி நீதிமன்றம் போனது. இப்போது அதை அக்டோபரில் நடத்துகிறார்கள். ஆஸ்துமா இருந்தால் டெல்லியே வேண்டாம். இல்லையென்றால் யோசிக்கலாம்.

மாதுங்கா மாமா · ஜூன் 15, இரவு 10:02

டெல்லியில் பார்க்க யார் வருவார்கள் ராசு? தூண் தூணாகப் போலீஸ்காரர், ஒரு நாய். 35ஆவது கிலோமீட்டரில் அழுதால்கூட ஏன் என்று கேட்க ஆளில்லை.

ஆர்.கே.புரம் ராசு · ஜூன் 15, இரவு 10:09

அழுவது தனிமையில்தான் நன்றாக இருக்கும் மாமா.

தாம்பரம் தாத்தா · ஜூன் 16, காலை 7:33

ஆளாளுக்கு அவரவர் ஊர்க் கோயில் பிரசாதத்தை நீட்டுகிறீர்கள். இந்தப் பெண் ஒருநாள் ஓடப்போவது எங்கோ. அதற்கு முன் பயிற்சிக்காக 16 வாரம் ஓடப்போவது வேளச்சேரியில். அதை யாரும் கேட்கவில்லை.

ரயில்வேயில் 34 வருடம் அட்டவணை போட்டவன் நான், அதனால் பின்னாலிருந்து எண்ணுகிறேன்.

ஹைதராபாத்: ஆகஸ்ட் கடைசி ஞாயிறு வாக்கில். இந்த வருடம் பத்து வாரம்தான் பாக்கி, விடுங்கள். அடுத்த வருடம் என்றாலும் 16 வாரம் பின்னால் போனால் மே மாதம், கத்திரி வெயில். நெக்லஸ் ரோட்டிலிருந்து கச்சிபௌலி வரை மேம்பாலம் மேம்பாலமாக ஏறி இறங்க வேண்டும். வேளச்சேரியில் அதற்குப் பழகுவதற்கு ஒரே ஒரு மேம்பாலம், அதிலும் லாரி.

சென்னை: ஜனவரி முதல் ஞாயிறை ஒட்டி. பின்னால் எண்ணினால் செப்டம்பர் நடுவில் ஆரம்பம். லாங் ரன் ஒவ்வொன்றும் அக்டோபர், நவம்பர், டிசம்பரில் விழும். சென்னைக்கு ஒரு வருடத்தில் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் கொட்டுவது அந்த மூன்று மாதத்தில்தான்.

மும்பை: சென்னையிலிருந்து இரண்டு வாரம் தள்ளி, அவ்வளவுதான். லாங் ரன்னை 24, 26, 28 கிலோமீட்டர் என்று ஏற்ற வேண்டிய வாரங்கள் நவம்பர் கடைசியிலும் டிசம்பர் முதலிலும் வரும். புயல் சின்னம் உருவாகும் வாரங்களும் அவையே. போதாக்குறைக்கு ஓட்டம் பொங்கலை ஒட்டி வரும். டிக்கெட் விலையைப் பார்த்தாலே இதயத் துடிப்பு ஏறிவிடும்.

டெல்லி: பிப்ரவரி கடைசி. நவம்பர் முதல் வாரம் ஆரம்பிக்கலாம். மழை மாதத்தில் சின்னச் சின்ன ஓட்டம்தான், நாலைந்து தவறினாலும் குடி முழுகாது. நீண்ட ஓட்டங்கள் மார்கழியிலும் தையிலும். சென்னையில் விடியற்காலை மனிதன் ஓடக்கூடிய மாதங்கள் இவை இரண்டுதான், கோலம் போடுகிறவர்கள் துணையும் உண்டு. ஓட்டம் முடிந்து ஒரு வாரத்தில் மார்ச். நீ உன் கணக்கை முடிக்கலாம்.

வேளச்சேரி வானதி · ஜூன் 16, இரவு 10:45

//புயல் சின்னம் உருவாகும் வாரங்களும் அவையே//

தாத்தா, இதைப் படித்ததும் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது ஒரு ஹாஃபுக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். ஷூவை அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தோம், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில். தண்ணீர் வடிந்த பிறகும் பத்து நாள் சேற்றில் கால் வைக்க முடியவில்லை. மொட்டை மாடியில் வட்டமடித்துப் பார்த்தேன். 140 சுற்று ஓடினால் 5 கிலோமீட்டர். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, "அம்மா, ஃபேன் ஆடுகிறது" என்றார்.

மாமா எழுதிய ஆரஞ்சுச் சுளை மனதை விட்டுப் போகவில்லை. ஆனால் தாத்தா கணக்கு மண்டையில் இறங்கிவிட்டது. என்ன செய்ய?

அதிவேகன் · ஜூன் 16, இரவு 11:20

எந்த ஊராக இருந்தாலும் முதலில் கார்பன் தகடு வைத்த ஷூ ஒன்று வாங்குங்கள். நேரம் தானாகக் குறையும்.

கோவை கியர் · ஜூன் 16, இரவு 11:31

அவர் நொண்டாமல் முடிக்க வேண்டும் என்கிறார், நீங்கள் விமானத்தின் பட்ஜெட்டைக் காலில் மாட்டச் சொல்கிறீர்கள்.

அதிவேகன் · ஜூன் 16, இரவு 11:34

அறிவியல் தெரியாதவர்களோடு வாதாட முடியாது.

இழைக் காவலர் · ஜூன் 17, காலை 6:00

ஷூ சண்டைக்குத் தனி இழை இருக்கிறது. இதற்குப் பிறகு வந்த 14 பதிவுகளை அங்கே மாற்றிவிட்டேன்.

இயன்முறைக் கதிர் · ஜூன் 17, காலை 11:15

தொழில்முறையில் இரண்டு மூன்று விஷயம் மட்டும். ஊர் எதுவானாலும் பொருந்தும்.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் (உடம்பில் சேமித்திருக்கும் இரும்புச்சத்தைக் காட்டும் அளவு) பாருங்கள். நீண்ட தூரம் ஓடும் பெண்கள் பலர் இரும்புச்சத்துக் குறைவை "வேலைக் களைப்பு" என்று நினைத்தே ஓட்டிக்கொண்டிருப்பார்கள். இப்போதே பார்த்தால் நவம்பருக்குள் சரிசெய்ய நேரம் இருக்கிறது.

ஓட்டத்துக்கு முன்பும் நடுவிலும் வலி மாத்திரை போடாதீர்கள். உடம்பு நீர் இழந்திருக்கும்போது அது சிறுநீரகத்தைத் தொந்தரவு செய்யும். அப்புறம், 5 மணி நேரம் ஓடுகிறவர்கள் தண்ணீர் குறைந்து விழுவது போலவே, வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்து உப்பு நீர்த்துப்போய் விழுவதும் உண்டு. தாகத்துக்குக் குடியுங்கள், ஒவ்வொரு மேசையிலும் கட்டாயக் குடி வேண்டாம். குளிர் ஊரில் இது இன்னும் முக்கியம், வேர்ப்பது தெரியாது, ஆனால் பழக்கத்தில் கை கோப்பைக்குப் போகும்.

நேரம்: ஹாஃப் 2:24 என்றால் அதை இரண்டால் பெருக்கி 20, 25 நிமிடம் கூட்டுங்கள். 5 மணி 8 முதல் 5 மணி 13. அதற்குக் கீழே முதல் முறை கனவு காணாதீர்கள்.

தாம்பரம் தாத்தா · ஜூன் 17, மாலை 5:40

ஒரு யோசனை. சென்னை மாரத்தானில் ஃபுல், ஹாஃப், 10 போக 20 மைல் என்று ஒரு பிரிவு உண்டு, 32.186 கிலோமீட்டர். நேப்பியர் பாலத்திலிருந்து கிளம்பும். டெல்லிக்கு ஆறேழு வாரம் முன்னால் வரும். ஃபுல்லுக்கு முன்னால் எப்படியும் ஒரு 30, 32 ஓட வேண்டும். அதை நீ தனியாக இருட்டில் ரேடியல் ரோட்டில் நாய்களோடு ஓடுவதற்குப் பதில், மூடிய சாலையில், தண்ணீரும் ஆம்புலன்ஸும் கழிவறையும் வைத்துக் கொடுக்கிறார்கள். அங்கே மெடலுக்கு ஓடாதே. டெல்லி வேகத்தைவிடக் கிலோமீட்டருக்கு இருபது, முப்பது வினாடி மெதுவாக ஓடு.

உன் வீட்டுக்காரருக்குச் சென்னையும் ஆயிற்று, உனக்கு ஃபுல்லும் ஆயிற்று.

கோவை கியர் · ஜூன் 17, மாலை 6:02

தாத்தா, இவ்வளவு நாள் எங்கே இருந்தீர்கள்? என் ஓட்டை மாற்றிக்கொள்கிறேன்.

லண்டன் லாட்டரி · ஜூன் 17, இரவு 8:15

இங்கே நியூயார்க் பற்றி ஒரு துணுக்கு, சம்பந்தமில்லை, பொறுத்தருள்க. 1970இல் அங்கே முதல் மாரத்தானில் கிளம்பியவர்கள் 127 பேர், முடித்தவர்கள் 55 பேர். சென்ட்ரல் பார்க்குக்குள்ளேயே சுற்றி வந்தார்கள். ஐந்து பகுதிகள் வழியாக ஓடும் பாதை 1976இல்தான் வந்தது. அந்தக் காலத்தில் நான் ஓடியிருந்தால் எனக்கும் எளிதாக இடம் கிடைத்திருக்கும்.

மாதுங்கா மாமா · ஜூன் 17, இரவு 9:50

நான் ஒதுங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒன்று வானதி, 32 ஓடியவள் 42 ஓடிவிட்டதாக நினைக்காதே. மாரத்தானில் பாதித் தூரம் 21 அல்ல, 32. மீதிப் பாதி அங்கேதான் ஆரம்பிக்கும். டெல்லியில் அந்த இடத்தில் உனக்கு ஆள் வேண்டும். ராசு, நீ நிற்பாயா?

ஆர்.கே.புரம் ராசு · ஜூன் 17, இரவு 10:11

அந்த வருடப் பாதை வரைபடம் வரட்டும், 34, 35 பக்கம் எங்கே நிற்க விடுவார்களோ அங்கே நிற்கிறேன். ரசம் ஒரு பிளாஸ்க்கில் கொண்டுவருகிறேன். மாமாவின் ஆரஞ்சுக்குப் பதில்.

வானதி, இரண்டு குறிப்பு. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வராதீர்கள். ராத்திரி பத்து மணிக்கு சென்ட்ரலில் ஏறினால் மூன்றாம் நாள் காலையில் இறங்குவீர்கள், இடுப்பு அங்கேயே முடிந்துவிடும். திரும்பும்போது வேண்டுமானால் அதில் போங்கள், கீழ் பெர்த் கிடைத்தால். இன்னொன்று, தூக்கி எறிவதற்கு ஒரு பழைய ஸ்வெட்டர் கொண்டுவாருங்கள். கிளம்பும் இடத்தில் முக்கால் மணி நேரம் 12 டிகிரியில் நிற்க வேண்டும். சென்னைக்காரர்கள் கையில்லாத பனியனோடு வந்து நடுங்குவதை வருடா வருடம் பார்க்கிறேன்.

வேளச்சேரி வானதி · ஜூன் 18, இரவு 11:02

முடிவு செய்துவிட்டேன். ஜனவரியில் சென்னை 20 மைல், பிப்ரவரியில் டெல்லி ஃபுல். கணவர் விமான டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு, "நானும் வருகிறேன்" என்றார். அது எதிர்பாராத செலவு.

வேளச்சேரி வானதி · நவம்பர் 29, காலை 8:50

இழையை மேலே கொண்டுவருகிறேன். ஃபெரிட்டின் குறைவாகத்தான் இருந்தது, கதிர் சாருக்கு நன்றி, மூன்று மாதம் மருந்து சாப்பிட்டேன். இந்த மாதம் ஓட வேண்டிய 16 நாளில் ஐந்து நாள் மழை. பெரியதாக எதுவும் போகவில்லை. மும்பைக்குப் பணம் கட்டியிருந்தால் இந்நேரம் மொட்டை மாடியில் சுற்றிக்கொண்டிருப்பேன்.

தாம்பரம் தாத்தா · நவம்பர் 29, காலை 9:14

வண்டி சரியான நேரத்தில் ஓடுகிறது.

வேளச்சேரி வானதி · ஜனவரி, ஞாயிறு, பிற்பகல் 1:20

20 மைல் முடிந்தது. 4 மணி 7 நிமிடம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடைசி 5 கிலோமீட்டர் வெயில் கண்ணைக் குத்தியது. 29இல் ஒரு தாத்தா என்னை முந்திக்கொண்டு போனார், வேட்டியை மடித்துக் கட்டி, கான்வாஸ் ஷூவில். (தாம்பரம் தாத்தா, அது நீங்கள் இல்லையே?) 32ஐத் தாண்டி இன்னும் 10 ஓட வேண்டும் என்று நினைத்துப் பார்த்தேன். மாமா சொன்னது புரிந்தது. பயமாக இருக்கிறது.

தாம்பரம் தாத்தா · ஜனவரி, ஞாயிறு, பிற்பகல் 3:05

நான் பேன்ட் போட்டவன். பயம் இருக்கட்டும், இனி ஆறு வாரத்தில் புதிதாக எதுவும் செய்யாதே. புது ஷூ, புது எனர்ஜி ஜெல், புது சாமியார் எதுவும் வேண்டாம். கடைசி மூன்று வாரம் தூரத்தைக் குறை. கால் துறுதுறுவென்று இருக்கும், இல்லாத வலியெல்லாம் வரும். எல்லாருக்கும் வருவதுதான்.

வேளச்சேரி வானதி · பிப்ரவரி, திங்கள், இரவு 7:48

5 மணி 9 நிமிடம்.

கரோல் பாக்கில் தங்கினோம். முந்தின ராத்திரி தயிர்சாதம், உருளைக்கிழங்கு, எட்டு மணிக்குப் படுக்கை, ஆனால் தூக்கம் வரவில்லை. கணவர் தூங்கினார், குறட்டையோடு. கிளம்பும் இடத்தில் அவருடைய பழைய பச்சை ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நின்றேன். தூக்கி எறியும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

முதல் 25 வரை எதுவுமே தெரியவில்லை. சென்னையில் அதே வேகத்தில் ஓடினால் பத்தாவது கிலோமீட்டரிலேயே பனியன் பிழிகிற மாதிரி ஆகிவிடும். இங்கே நெற்றியில் வெள்ளையாக உப்பு படிந்திருந்ததைத் தொட்டுப் பார்த்துதான் வேர்த்ததே தெரிந்தது. ஒன்று மட்டும் எதிர்பார்க்கவில்லை. விரல் மரத்துப்போனது. பேரீச்சம்பழத்தைச் சின்னப் பையில் போட்டு முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன், அந்த முடிச்சை அவிழ்க்கவே முடியவில்லை. பல்லால் கடித்துப் பிய்த்தேன், இரண்டு பழம் ரோட்டில் உருண்டது. ஒன்றை எடுத்துத் துடைத்துச் சாப்பிட்டேன். சின்னவளிடம் சொல்லாதீர்கள்.

மாமா சொன்னபடி 30க்குப் பிறகு சாலையில் ஆள் இல்லை. போலீஸ்காரர்கள், தண்ணீர் தரும் பிள்ளைகள், எனக்கு முன்னால் நொண்டிக்கொண்டே போன ஒரு சர்தார்ஜி. 33இல் நடக்க ஆரம்பித்தேன். எதற்கு இதெல்லாம், வேளச்சேரியில் தூங்கிக்கொண்டிருக்கலாமே என்று ஓடியது மனதில். கொஞ்சம் அழுதேன், ராசு சொன்னது சரி, தனிமையில் நன்றாகத்தான் இருக்கிறது.

34ஐத் தாண்டி ஒரு திருப்பத்தில், "வேளச்சேரி! வேளச்சேரி! இறங்கு இறங்கு!" என்று பஸ் கண்டக்டர் மாதிரி ஒரு குரல். ராசு, அவர் மனைவி, பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பம் ஒன்று, மொத்தம் ஆறு பேர். பிளாஸ்க் மூடியில் ரசம். மிளகு தூக்கல். மரத்த கையால் பிடித்த அந்த மூடியின் சூடு இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது. கூடவே ராசுவின் மனைவி ஒரு எவர்சில்வர் டப்பாவைத் திறந்தார். உள்ளே ஆரஞ்சுச் சுளை, விதை எடுத்தது. மாமா போன் பண்ணிச் சொல்லியிருக்கிறார்.

கடைசி 8 கிலோமீட்டரில் நான் நடக்கவில்லை.

இப்போது படிக்கட்டில் பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருக்கிறேன்.

கோவை கியர் · பிப்ரவரி, திங்கள், இரவு 8:01

வாழ்த்துகள்! பின்பக்கமாக இறங்குவது மூன்று நாளில் சரியாகிவிடும்.

லண்டன் லாட்டரி · பிப்ரவரி, திங்கள், இரவு 8:30

வாழ்த்துகள் சகோதரி. ராசு, அடுத்த பிப்ரவரியில் உங்கள் வீட்டில் ரசம் இருக்குமா?

தாம்பரம் தாத்தா · பிப்ரவரி, திங்கள், இரவு 8:44

கதிர் சொன்ன 5:08க்கு ஒரு நிமிடம் தாமதம். பழம் பொறுக்கிய நேரம். ஏற்றுக்கொள்ளலாம்.

மாதுங்கா மாமா · பிப்ரவரி, திங்கள், இரவு 9:15

சந்தோஷம் கண்ணு. இப்போது கையில் ஃபுல் சான்றிதழ் இருக்கிறது, மும்பையில் சேரும்போது நேரச் சான்றிதழ் கேட்டால் அதையே கொடுக்கலாம். விதி வருடத்துக்கு வருடம் மாறும், திறந்தவுடன் படித்துச் சொல்கிறேன். மாதுங்காவில் எங்கள் வீட்டில் தங்கலாம், மாமி இட்லி போடுவாள். அடுத்த ஜனவரி?

வேளச்சேரி வானதி · பிப்ரவரி, திங்கள், இரவு 9:22

மார்ச் முடியட்டும் மாமா.